விட்டால் போகும்

"விடும்மா. கையை எங்கிட்ட விடு" என்று ஷமீமாக்கா சொன்னபோது ஜெனோவாவுக்கு எரிச்சலாகத்தான் வந்தது. விட்டுத்தானே கிடக்கிறேன், இதுக்கு மேல எப்படி விட, கழற்றி அந்த மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகவா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கேட்டால் அந்த அக்கா சிரிக்கும், சிரித்துவிட்டு மறுபடியும் அதையேதான் சொல்லும். பாளையங்கோட்டையில் ஒரு செருப்புக்கடைக்கு மேல் மாடியில் ஷமீமாக்காவின் பிசியோதெரபி அறை, பச்சைத் திரை போட்ட தடுப்பு, அதற்குள் ஒரு கட்டில், கட்டிலில் அவள் மல்லாக்கக் கிடந்தாள். வலது முழங்கை தோளுக்கு நேராக விலகி ஓரத்தில் இருந்தது. அங்கிருந்து மடங்கி முன்கை கூரையைப் பார்த்து நின்றது. இனி அது தலைப்பக்கமாகச் சாய வேண்டும், சாய்ந்து புறங்கை மெத்தையைத் தொட வேண்டும். இவ்வளவுதான் காரியம். பால்குடிப் பிள்ளைகள் தூங்கும்போது தன்னால் செய்கிற காரியம். வாலிபாலில் வலைக்கு மேல் எழும்பி அடிக்கிறவளுக்குக் கை அந்த இடத்துக்குப் போய்த்தான் திரும்பி வரும். அங்கே போகாத கை பந்தைத் தட்டலாம், தள்ளலாம், அடிக்க முடியாது. ஜெனோவா அடிக்கிறவள். பள்ளிக்கூடத்திலிருந்து இப்போது ஆடுகிற அரசுத் துறை டீம் வரைக்கும் அவளை எல்லாரும் கூப்பிட்டுக்கொண்டு போனது அந்த ஒரு காரியத்துக்குத்தான். இப்போது எவ்வளவு சாய்த்தாலும் புறங்கைக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒரு சாண் மிச்சம் இருந்தது. நேற்றும் ஒரு சாண். போன வாரமும் அதே ஒரு சாண். ஒரு சாண்தானே என்று ஊரில் சொல்லுவார்கள், சொல்லட்டும், அவர்களுக்கென்ன, அவர்கள் அதை ஏறித் தாண்ட வேண்டியதில்லை.

இன்றைக்குத் தாண்டியாக வேண்டும். சாயங்காலத்துக்குள் தேவபிச்சை சார் பயிற்சி முகாமுக்குப் பெயர் கொடுக்கிறார். டீமுக்குக் கோச் அவர்தான். காலையிலேயே ஷமீமாக்காவிடம் சொல்லியிருக்கிறார், ட்ரீட்மெண்ட் முடிகிற நேரத்துக்கு நானே கூப்பிடுவேன், வருவாளா வர மாட்டாளான்னு ஒரே வார்த்தை சொல்லிருங்க போதும் என்று. வருவாளா, மாட்டாளா. சந்தையில் மாடு பார்க்க வந்தவர் கேட்கிற மாதிரி. ஆனால் அவரைக் குறை சொல்லக் கூடாது. வேறு எந்தக் கோச்சும் இத்தனை மாதம் இடத்தைக் காலியாகப் போட்டுவைத்துக் காத்திருக்க மாட்டார். சாத்தான்குளம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், அவளும் வலது கைக்காரி, நல்ல உயரம், குதித்தால் தரைக்கு வர நேரமாகும் என்கிறார்கள். போய்ப் பார்த்தவர்கள் எல்லாரும் ஜெனோவாவிடம் வந்து அந்தப் பிள்ளைக்குப் பந்து ஒழுங்கா அடிக்க வராது அக்கா என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒழுங்காக அடிக்க வராத பிள்ளையைப் பற்றி எதற்கு இத்தனை பேர் வந்து சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளையின் கை பின்னால் போகும். எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகும். போகிறது என்பதே அதற்குத் தெரியாது. அதுதான் ஜெனோவாவுக்கு வயிறு எரிந்தது. "இப்பவும் இறுக்கிப் பிடிக்கே" என்றாள் ஷமீமாக்கா. அந்தப் பிள்ளையை நினைத்த உடனே தோளுக்கு முன்னால் இருக்கிற சதை இறுகிவிட்டது போலிருக்கிறது, அக்காவின் விரல் அங்கேதான் இருந்தது. மனதில் என்ன ஓடினாலும் அந்த விரலுக்குத் தெரிந்துவிடுகிறது, இதென்ன கொடுமை. "பிடிக்கல அக்கா." "பிடிக்கே. எனக்குத் தெரியாதா. வேற எதையாவது நெனச்சுக்கிட்டுக் கெட. கையை மறந்துரு."

வேறு எதையாவது. வேறு எதை. காலையில் சாப்பிட்ட இட்லியை நினைத்தாள், ஆட்டுக்கால் சூப்பை நினைத்தாள், ஆப்பரேஷன் முடிந்த நாளிலிருந்து அம்மா விடாமல் போட்டுத் தருகிறாள், வீட்டில் எந்தத் துணியை எடுத்தாலும் அந்த வாசம். விடாமல். பார், இட்லியில் ஆரம்பித்தாலும் அந்த வார்த்தையில்தான் வந்து முட்டுகிறது. இருபது வருஷமாக அவள் காதில் விழுந்ததெல்லாம் விடாதே, விடாதே. பந்து தரையில் படுகிறவரைக்கும் உயிரோடிருக்கு, விடாத, என்று தேவபிச்சை சார் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துவார். அவர் கத்திக் கத்தித்தான் இந்த உடம்பு இப்படி ஆகியிருக்கிறது, இதை இப்போது வந்து விடு என்றால் அதுக்கு என்ன விளங்கும். ஆட்டத்தில் விடு என்பதற்கு ஒரே அர்த்தம்தான். பந்து வெளியே போகிறது, தொடாதே, தொட்டால் பாயிண்ட் அவர்களுக்குப் போய்விடும். முன்னால் நிற்கிறவளுக்குக் கோடு தெரியாது, பின்னால் நிற்கிறவளுக்குத்தான் தெரியும், அதனால் பின்னால் நிற்கிறவள் விடு என்றால் விட்டுவிட வேண்டும், அதில் மறுபேச்சே கிடையாது. அடிபட்ட அன்றைக்குக் கூட ஆடுகிற மாரிக்கனி பின்னால் நின்றாள். பந்து பக்கவாட்டில் பறந்தது, விடூ என்று நீட்டிச் சொன்னாள், ஜெனோவா காதில் நன்றாக விழுந்தது. விழுந்தும் பாய்ந்தாள். அது ஒன்றும் கடைசி பாயிண்டும் இல்லை, கோப்பை ஆட்டமும் இல்லை. நட்புக்காக ஆடிய ஆட்டம், மழைக்கு ஒதுங்கியிருந்த நாலு பேர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதற்காகப் பாய்ந்தாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. உடம்பு பாய்ந்தது, அவ்வளவுதான். வலது கை நீண்டு போய்த் தரையில் ஊன்றிய நேரத்தில் தோளுக்குள் ஏதோ ஒன்று தன் இடத்தை விட்டு இறங்கி நடந்து போனது. வலிகூட உடனே வரவில்லை. முதலில் வந்தது ஒரு அசிங்கம். சபையில் சேலை நழுவின மாதிரி. தோள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம், பள்ளத்துக்குக் கீழே முன்பக்கமாக ஒரு உருண்டை. மாரிக்கனி ஓடி வந்து, நான்தான் விடுன்னு சொன்னேன்லாட்டி, நான்தான் சொன்னேன்லா என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லி அழுதாள். பந்து வெளியேதான் போயிருந்தது. தொட்டதால் பாயிண்ட் அவர்களுக்கு.

திரைக்கு அந்தப் பக்கம் கப்பி கிரீச்சென்றது. கதவுக்கு மேல் கப்பி மாட்டிக் கயிறு போட்டிருக்கிறார்கள், ஒரு கையால் இழுத்தால் மறு கை தூக்கும். அதில் உட்கார்ந்திருப்பவர் சங்கரவேலு சார், இன்சூரன்ஸ் ஏஜெண்ட், சர்க்கரை வியாதியில் தோள் இறுகிப் போனவர். தினமும் ஜெனோவாவுக்கு முன்னாலேயே வந்துவிடுவார், வந்ததிலிருந்து பேச்சுதான். "அம்மா, இன்னைக்கி எனக்கு முதுகு சொறிய வந்துட்டு தெரியுமா" என்றார் திரைக்கு அங்கிட்டிருந்து. "சந்தோசம் சார்" என்றாள் ஷமீமாக்கா. "அந்தப் பிள்ளைக்கு எம்புட்டு வந்திருக்கு?" "வருது சார், வருது." "வயசுப் பிள்ளை, அதுக்கென்ன, எனக்கே வந்துட்டு." கிரீச். மறுபடி கிரீச். ஜெனோவாவுக்கு அந்த மனிதரைப் பிடிக்காமல் இல்லை. ஆனால் அவர் சந்தோஷம் அவளுக்குப் பயமாக இருந்தது. அவருக்கு வேண்டியது முதுகு, மேல் அலமாரி, பஸ்ஸில் கம்பி. அவரையும் அவளையும் ஒரே கப்பியில் உட்கார வைத்து ஒரே கயிற்றைக் கொடுத்து ஒரே அக்கா நல்லாருக்கு, நல்லாருக்கு என்கிறாள். அந்த நல்லாருக்கு யாருடைய நல்லாருக்கு. சங்கரவேலு சாருக்குச் சொல்லுகிற நல்லாருக்கு மீந்து போனதில் இவளுக்கும் ஒரு கரண்டி ஊற்றுகிறாளோ. கேட்டுவிடலாம். அக்கா, நான் பழையபடி அடிப்பேனா. ஆறு வார்த்தைகூட இல்லை. இத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியைத் தவிர எல்லாம் கேட்டாயிற்று. தலைக்குக் குளிக்கலாமா, ஸ்கூட்டி ஓட்டலாமா, ஒருக்களித்துப் படுக்கலாமா, மழை பெய்தால் ஏன் கடுக்குது. அந்த ஒன்று மட்டும் தொண்டை வரைக்கும் வந்து உட்கார்ந்து விடுகிறது.

கேட்காததற்கு ஒரு காரணம் இருந்தது, அது அவளுக்குத் தெரியும், தெரிந்தும் தெரியாத மாதிரி வைத்திருந்தாள். திருநெல்வேலியில் ஆப்பரேஷன் பண்ணின டாக்டர் நல்ல மனிதர். கம்ப்யூட்டரில் தோளுக்கு உள்ளே எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினார், உள்ளே எல்லாம் நுங்கு மாதிரி வெள்ளையாக வழுவழுவென்று இருந்தது, ஓரத்தில் மட்டும் பிய்ந்து தொங்கியது. எத்தனை தடவை கழன்றிருக்கு என்று கேட்டார். இவள் ஒன்று என்றாள், அம்மா இவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு இவளே மூன்று என்றாள். முன்னே இரண்டு தடவை கழன்றதைத் தானே மாட்டிக்கொண்டு ஆடியிருக்கிறாள், அதை யாரிடமும் சொன்னதில்லை. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். "சரி, உங்களுக்கு என்ன வேணும், இனிமே கழலக் கூடாது, அதானே?" என்றார். அம்மா முந்திக்கொண்டு, "ஆமா டாக்டர், கழலாம இருந்தாப் போதும், வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள். அந்த இடத்தில் ஜெனோவா வாயைத் திறந்திருக்க வேண்டும். எனக்கு அடிக்கணும் டாக்டர் என்று சொல்லியிருக்க வேண்டும். வலியில் இருந்தாள், பயத்தில் இருந்தாள், கழலாமல் இருந்தால் போதும் என்று அவளுக்கும்தான் தோன்றியது, அன்றைக்கு அது பெரிய வரமாகத் தெரிந்தது. "அப்ப நல்லா இறுக்கித் தச்சிருவோம்" என்றார் டாக்டர். இறுக்கி. அந்த வார்த்தையின் அர்த்தம் அவளுக்கு இந்தக் கட்டிலில் கிடந்துதான் மெல்ல மெல்லப் புரிந்தது. கை பின்னால் போகிற வழியும் தோள் கழன்று வெளியே போகிற வழியும் ஒரே வழி. ஒன்றை அடைத்தால் மற்றதும் அடையும். எவ்வளவு அடைத்தார் என்பதுதான் கேள்வி. ஆப்பரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்தபோது பக்கத்தில் யாரோ ஒருத்தியின் கை கிடந்தது. கனமாக, குளிராக. யார் கை இது என்று இடது கையால் எடுத்து அந்தப் பக்கம் தள்ளப் பார்த்தாள், தள்ளினால் கூடவே அவள் தோளும் வந்தது. மரத்துப் போக ஊசி போட்டிருந்தார்களாம். நர்சு சிரித்தாள், எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்றாள். அந்தக் கை அன்றைக்கு அவளுடையதாக இல்லை, ஆனால் யார் எங்கே கொண்டு போனாலும் பேசாமல் போனது. இன்றைக்கு அவளுடையது, அதனால்தான் போக மாட்டேன் என்கிறது.

ஷமீமாக்கா முதல் மாதத்திலேயே சொல்லியிருந்தாள். பேப்பரில் படம் வரைந்தெல்லாம் இல்லை, சும்மா கையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். "உன் கை நிக்கிற இடத்துல ரெண்டு பேரு நிக்கலாம் ஜெனோ. ஒண்ணு உன் சதை. வலிக்குமோன்னு பயந்து அது பிடிச்சுக்கிடும். இல்லைன்னா உள்ள தச்ச தையல் நிக்கும். எது நிக்குன்னு நீ பிடிச்சிட்டிருக்கிறவரைக்கும் எனக்குத் தெரியாது. நீ விட்டாத்தான் தெரியும். சதைதான்னா விட்டா போகும்." விட்டால் போகும். இந்த இரண்டு வார்த்தையைத்தான் ஜெனோவா மாதக்கணக்காகச் சப்பிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வரும்போது, சாப்பிடும்போது, அம்மா தலை துவட்டிவிடும்போது. விட்டால் போகும். அப்படியென்றால் ஒரு சாண் எங்கேயும் தொலைந்து போகவில்லை, பத்திரமாக உள்ளே இருக்கிறது, அவள் பிடிக்கிறாள், அதனால் வெளியே வரவில்லை. தப்பு அவளுடையது. தப்பு தன்னுடையது என்பதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று அவளுக்கு முன்னால் தெரியாது. வந்த புதிதில் திருட்டுத்தனம்கூடச் செய்து பார்த்தாள். நின்றுகொண்டு கையைத் தூக்கச் சொன்னால் இடுப்பை வளைத்துக் கொடுப்பாள், சுவரில் விரலால் ஏறச் சொன்னால் தோளைக் காதுக்குக் கொண்டுபோய்விடுவாள், பார்க்கிறவர்களுக்குக் கை மேலே போன மாதிரி இருக்கும். ஆட்டக்காரிகள் எல்லாருக்கும் இது கைவந்த வித்தை, ஒரு இடம் ஓடவில்லையென்றால் இன்னொரு இடத்தில் கடன் வாங்கி ஒப்பேற்றிவிடுவார்கள், உடம்பே அப்படிப் பழகியிருக்கும். ஷமீமாக்கா ஒன்றும் திட்டவில்லை. "சரி, படு" என்றாள். படுத்துவிட்டால் இடுப்பு கட்டிலோடு கட்டில், கடன் வாங்க ஆளில்லை. அன்றிலிருந்து படுத்த கிடைதான்.

விடுவது எப்படி என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் தேவலை. கையை மடக்கச் சொன்னால் மடக்கலாம், நீட்டச் சொன்னால் நீட்டலாம். விடு என்றால் அதற்கு எந்த நரம்பை இழுக்க. விட முயற்சி பண்ணினால் அந்த முயற்சியே ஒரு பிடியாகிவிடுகிறது. மூச்சை இழுத்து விடச் சொன்னாள், மூச்சை விட்டாள், கையை விடவில்லை. கண்ணை மூடச் சொன்னாள், மூடினால் உள்ளே பந்து வந்தது. எப்போதும் அதே பந்துதான். செட்டர் வலைக்குப் பக்கத்தில் மெல்லத் தூக்கிப் போடுவாள், அது மேலே போய் ஒரு நொடி சும்மா நிற்கும், நிற்காது, நிற்கிற மாதிரி இருக்கும், அந்த நேரத்தில் காலும் இடுப்பும் முதுகும் ஒன்றுசேர்ந்து அவளைத் தூக்கிக்கொண்டு போகும், கை பின்னால் போகும், போய், போய், அங்கே, அந்த இடத்தில், மெத்தைக்கும் அப்பால். உலகத்தில் அவளுக்கு என்று இருந்த இடமே அதுதான். தரையில் அவள் யார், மற்றப் பிள்ளைகளை விடக் கறுப்பு, படிப்பு வராது, வாய்த்துடுக்கு, எங்கே போனாலும் பிளஸ்டூவோடு நின்றவள்தானே என்கிற பார்வை. மேலே போய்க் கை பின்னால் சாய்ந்த அந்த நேரத்தில் அவளை எவரும் ஒன்றும் சொல்ல முடியாது, எதிர்ப் பக்கத்தில் ஆறு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள், பயந்துகொண்டு நிற்பார்கள். உள்ளங்கையில் பந்து படுகிற அந்தச் சூடு. "ஜெனோ" என்றாள் ஷமீமாக்கா. "அடிக்கப் போயிட்டியா?" கை விறைத்து நடுங்கிக்கொண்டிருந்தது. "ஆமாக்கா." "எதை வேணும்னாலும் நெனைன்னேன், அதைப் போயி நெனைக்கியே." அதை நினைக்காமல் இருக்க வேண்டுமென்றால் எதற்காக இந்தக் கை. எதை நினைத்தாலும் கை ஒட்டுக்கேட்டுக்கொண்டு கிடக்கிறதே, அதற்குத் தெரியாமல் எதை நினைக்க.

நேரம் ஆகிக்கொண்டிருந்தது. ஒத்தடம் கொடுத்த சூடு தோளில் ஆறிப் போயிருந்தது. கடிகாரம் அவள் தலைக்குப் பின்னால், தலையைத் திருப்பினால் தோள் அசையும், அதனால் பார்க்கவில்லை, ஆனால் தெருவில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளின் சத்தம் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சத்தில் போன் வரும். வேண்டாம், வர வேண்டாம், அவர் மறந்துவிட வேண்டும், வண்டி பஞ்சராக வேண்டும், போனில் சார்ஜ் தீர்ந்துவிட வேண்டும். கோச் ஒரு நாள் மறந்தால் இன்னும் ஒரு நாள். ஒரு நாளில் என்ன வந்துவிடும் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. இயேசப்பா, இந்த ஒரு தடவை என்று ஆரம்பித்தாள், ஜெபத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஷமீமாக்கா கட்டிலில் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு குனிந்து நின்றாள். நோன்பு அவளுக்கு. விடிய முன்னே சாப்பிட்டது, பச்சைத் தண்ணீர் வாயில் படவில்லை, உதடு காய்ந்து வெடித்திருந்தது, ஆனாலும் பிடித்த பிடி தளரவில்லை. இந்த அக்காவும்தான் எவ்வளவு நேரம் இந்தக் கையைத் தாங்கிக்கொண்டு நிற்பாள் என்று ஜெனோவா முதல் தடவையாக நினைத்தாள். அப்போது அக்காவின் வயிறு இரைந்தது. சாதாரணமாக இரையவில்லை. ஜெனோவாவின் காதுக்குப் பக்கத்தில், மாட்டுவண்டி மரப்பாலத்தில் ஏறின மாதிரி நீளமாக உருண்டு, முடிந்துவிட்டது என்று நினைத்தபோது மறுபடியும் ஒரு சின்னக் கேள்வி கேட்டு ஓய்ந்தது. கப்பி நின்றுபோயிருந்தது. திரைக்கு அங்கிட்டிருந்து சங்கரவேலு சார், "மேல மழை வருதோ?" என்றார்.

ஷமீமாக்கா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, நெற்றியை ஜெனோவாவின் முழங்கையிலேயே முட்டுக்கொடுத்துக்கொண்டு குலுங்கினாள். "வெளிய சொல்லாத, நோம்பு எனக்குத்தான், வயித்துக்கில்ல" என்றாள். அவ்வளவுதான், ஜெனோவாவுக்கும் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. எத்தனை மாதமாயிற்று இப்படிச் சிரித்து. வயிறு வலிக்க, கண்ணில் தண்ணீர் வர, சத்தமே வெளியே வராமல் சிரிக்கிற சிரிப்பு, பள்ளிக்கூட ஜெபக்கூட்டத்தில் சிரிப்பார்களே அது. சிரிப்பு வடிந்து கடைசியில் ஒரு நீள மூச்சாகப் போயிற்று. அந்த மூச்சின் அடியில் ஜெனோவாவுக்கு உடம்பு புதிதாக இருந்தது. கழுத்து மெத்தையில் கிடந்தது. தாடை கிடந்தது. கை கனமாக இருந்தது, அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பக்கத்தில் கிடந்ததே அதே கனம், ஆனால் குளிரவில்லை. யாரும் அதைப் பிடித்திருக்கவில்லை. ஷமீமாக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. உள்ளங்கையில் கனம் மாறியது அவளுக்குத் தெரிந்துவிட்டது. விடு என்றுகூடச் சொல்லவில்லை, பேசினால் கலைந்துவிடும் என்பதுபோல சிரிப்பில் நிமிர்ந்துவிட்டிருந்த கையை மெல்ல, மெல்ல, பின்னால் கொண்டுபோனாள். கை போயிற்று. நடுக்கம் இல்லை, வலி இல்லை, தடுக்க ஆளில்லை, எண்ணெய் போட்ட கதவு மாதிரிப் போயிற்று. போகுது, என்று ஜெனோவா நினைத்தாள். கர்த்தரே, போகுது. இதோ போகுது. நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன், நான்தான் பாவி, இதோ. இப்போது மெத்தை புறங்கையில் படும், குளிர்ச்சியாகப் படும். அவள் அதற்காகக் காத்திருந்தாள். கை நின்றது.

முன்பெல்லாம் நின்றபோது ஒரு துடிப்பு இருக்கும், சண்டை இருக்கும், இன்னும் கொஞ்சம் தள்ளினால் விட்டுக்கொடுக்குமோ என்று ஒரு சந்தேகம் இருக்கும். இது அப்படி இல்லை. கிணற்றில் கயிறு தீர்ந்த பிறகு வாளி தண்ணீருக்கு மேலே தொங்குமே, அப்படி வெறுமனே நின்றது. யாரும் எதிர்க்கவில்லை. வழி முடிந்திருந்தது. ஷமீமாக்கா இன்னும் ஒரு மயிரிழை அழுத்திப் பார்த்தாள், பிறகு அழுத்தத்தை எடுத்துவிட்டாள். ஜெனோவா கண்ணைத் திறக்கவில்லை. இடது கையைக் கொண்டுபோய்த் தலைக்கு மேலாக நீட்டி, வலது புறங்கைக்கும் மெத்தைக்கும் நடுவில் விரித்து வைத்துப் பார்த்தாள். கட்டைவிரல் மெத்தையில் பட்டது, சுண்டுவிரல் கையில் பட்டது. ஒரு சாண். "அக்கா, இப்ப நான் பிடிக்கலை" என்றாள். "தெரியுதும்மா" என்றாள் ஷமீமாக்கா. கையை இன்னும் தாங்கியபடியே, "நீ பிடிக்கலை" என்றாள். இத்தனை மாதமாக இந்த வார்த்தையைக் கேட்கத்தானே நாயாகப் பாடுபட்டாள். கேட்டதும் நெஞ்சுக்குள் ஒன்று கழன்றது. பயந்து பிடித்தது சதை இல்லை, அவள்தான், அவளேதான். வலிக்குப் பயந்து இல்லை. விட்டால் தெரிந்துவிடும், அதனால் விடவில்லை. பிடித்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அந்த ஒரு சாண் அவளுடையதாக இருந்தது. நாளைக்கு விட்டால் நாளைக்குப் போகும், அடுத்த வாரம் விட்டால் அடுத்த வாரம் போகும் என்று ஒவ்வொரு ராத்திரியும் அதைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறாள். நல்லா இறுக்கித்தான் தைத்திருக்கிறார். கழலாது. எந்தக் காலத்திலும் கழலாது, அம்மா கேட்டபடியே. டாக்டர் மேலும் தப்பில்லை, அம்மா மேலும் தப்பில்லை, இப்போது தன்மேலும் தப்பில்லை. தப்பு யார் மேலும் இல்லாமல் போனதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டிட்டு..." என்று ஷமீமாக்கா ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. அவள் பொய் சொல்லிப் பழகாதவள். "சங்கரவேலு சார், உங்களுக்கு முடிஞ்சிட்டு, கயித்த மாட்டிட்டுப் போங்க" என்றாள் அந்தப் பக்கம் பார்த்து, குரல் கொஞ்சம் கடுமையாக வந்தது. அவர் எழுந்து செருப்பைத் தேடி மாட்டுகிற சத்தம் கேட்டது, படியில் இறங்குகிற சத்தம் கேட்டது. கை இன்னும் ஷமீமாக்காவின் கையிலேயே இருந்தது. இறக்கி வைக்க அவளும் மறந்துவிட்டாள், கேட்க ஜெனோவாவும் மறந்துவிட்டாள். மேசையில் போன் அதிர்ந்தது. இரண்டு பேரும் பார்க்கவில்லை. அதிர்ந்து நின்று மறுபடி அதிர்ந்தது. "நான் பேசிக்கிடுதேன், நீ கெட" என்றாள் ஷமீமாக்கா. ஜெனோவா இடது கையை நீட்டினாள். கொடுக்கவா வேண்டாமா என்று யோசித்துவிட்டு ஷமீமாக்கா போனை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.

"மேடம், நான் தேவபிச்சை. சொல்லுங்க, பிள்ளை வருவாளா?"

"நான் ஜெனோவா பேசுதேன் சார்." குரல் நன்றாகத்தான் இருந்தது, அவளுக்கே ஆச்சரியம். "அந்தச் சாத்தான்குளத்துப் பிள்ளை பேரைக் குடுத்துருங்க."

அந்தப் பக்கம், பின்னால் மைதானத்தில் பந்து தரையில் மோதுகிற சத்தம் மட்டும் வந்தது, யாரோ பிராக்டீஸில் இருந்தார்கள். பிறகு அவர் அதட்டினார், வழக்கமாக அதட்டுகிற அதட்டுதான், ஆனால் கடைசியில் உடைந்தது. "என்ன பேசுத? சின்ன ஆப்பரேஷன், மாசம் கொஞ்சம் கூடப் போனா என்ன. நான் மேலிடத்துல பேசுதேன். நீ விடாத, கேட்டியா. எதுக்கும் விடாத."

"விட்டுப் பாத்தாச்சு சார்" என்றாள் ஜெனோவா.

போனைக் காதிலிருந்து எடுத்தாள். ஷமீமாக்கா அவள் வலது கையைச் சுற்றிக் கொண்டுவந்து, கீழே ஒரு துண்டை மடித்துப் போட்டு, வயிற்றின்மேல் வைத்தாள். அது அங்கே சொன்னபடி கிடந்தது. ஜெனோவாவுக்கு அப்புறம்தான் அழுகை வந்தது.